ஓர் ஆடும் இரு விளைச்சலும்

கம்பளி என்றதும் நம்மவரிற் பலருக்கு நினைவுக்கு வருவது நுவரெலியாவும், அங்கே போகும்போது பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழைய மேற்சட்டையுமேயன்றி ஆடு அன்று. அதிற் குறைகூற ஒன்றுமில்லை. நம் யாழ்ப்பாணத்துச் செம்மறிக்கு மயிர் உண்டு, கம்பளி இல்லை. அதனை நாம் வளர்ப்பது இறைச்சிக்காக. தோட்டத்திலே பட்டியடைத்து எருப் பெறுவது மேலதிகமான ஆதாயம். ஆகவே, ஒரு செம்மறியின் தோலின்மேல் விளைவதும் தோலுக்குள்ளே விளைவதும் ஒன்றையொன்று பகைக்கக்கூடும் என்று நினைப்பதற்கே நமக்கு இடமில்லை. மெல்பேணிற் குடியேறிய என் மகளைப் பார்க்கச் சென்றிருந்த ஒரு நவம்பர் மாதத்தில், விக்டோரியா மாநிலத்தின் மேற்கே, ஹமில்டன் நகருக்கு அப்பாலுள்ள ஒரு குடும்பப் பண்ணையிற் பத்து நாட்கள் தங்கியிருந்தேன். அங்கேதான் அந்தப் பகையை நேரிற் கண்டேன். ஆடுகளிடத்தில் மட்டுமன்று, அவற்றை வளர்ப்பவர்களிடத்திலும் கண்டேன்.

பண்ணைக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். மூன்று தலைமுறையாக அக்குடும்பத்தாருக்கு மெரினோ ஆடுகளே வாழ்வு. குட்டி ஈனும் மறிகள் இரண்டாயிரத்துக்குச் சற்று அதிகம். இத்தனையையும் கட்டி ஆள்பவர்கள் அவரும், அவருடைய மனைவியாரும், விவசாயம் கற்றுத் திரும்பிய மகளும் ஆகிய மூவரே. மயிர் கத்தரிக்கும் நாட்களில் மட்டும் கூலிக்கு ஆட்கள் வருவார்கள். தந்தைக்கும் மகளுக்கும் இடையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வருகின்ற பெப்புரவரியில் மறிகளோடு விடுவதற்கு எந்த இனத்துக் கிடாய்களை வாங்குவது என்பதே வழக்கு. அந்நியனான எனக்கு முதலில் இஃது ஒரு சிறிய காரியமாகத் தோன்றியது. நாட்கள் செல்லச் செல்ல, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு துயரம் அதற்குப் பின்னால் நிற்பது தெரிந்தது.

மெரினோவின் உரோமத்தைப் பார்க்காமல் இவ்வழக்கை விளங்கிக்கொள்ள முடியாது. முதல்நாட் காலையிற் பண்ணைக்காரர் ஒரு மறியைப் பிடித்து நிறுத்தி, அதன் தோளின்மேலுள்ள மயிரை இரு கைகளாலும் ஏடு பிரிப்பதுபோலப் பிரித்துக் காட்டினார். வெளிப்புறமெல்லாம் புழுதி படிந்து சாம்பல் நிறமாக இருந்தது; உட்புறம் புதிய வெண்ணெயின் நிறம். ஒவ்வொரு கற்றையிலும் மிக நெருக்கமான நெளிவுகள், வேருக்கு அருகிலிருந்து நுனிவரை ஒரே அளவாக ஓடின. அடியிலே இளஞ்சிவப்பான தோல். கையை எடுத்தபோது விரல்களில் ஒரு மெழுகு ஒட்டியிருந்தது. இலனோலின் என்ற பெயரிலே மருந்துக் களிம்புகளிற் சேர்க்கப்படுவது இந்த மெழுகுதான். அந்த மறியின் மயிரிழை ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 18 மைக்குரோன். அதாவது ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கி, அவற்றிற் பதினெட்டை எடுத்தால் வரும் அளவு. நம் தலைமயிர் அதனைவிட மூன்று நான்கு மடங்கு தடித்தது. முப்பது மைக்குரோனுக்கு மேற்பட்ட இழைகளே உடம்பிற் குத்துவன. மெரினோக் கம்பளி குத்தாமலிருப்பதன் இரகசியம் இவ்வளவே.

இன்னொரு செய்தியை மகள் சொன்னாள். ஆட்டின் தோலிலே மயிர் முளைக்கும் துவாரங்கள் அது தாயின் வயிற்றில் இருக்கும்போதும் பிறந்து சில வாரங்களுக்குள்ளும் அமைந்துவிடுகின்றன. பிற்காலத்தில் எவ்வளவு தீனி போட்டாலும் அவற்றின் தொகையைக் கூட்ட முடியாது. சினைகொண்ட தாய்மறி பட்டினி கிடந்தால், அவள் குட்டி தன் ஆயுள் முழுவதும் குறைந்த மயிரையே தரும். ஊட்டமற்ற மாதம் ஒன்று வந்துபோனால் தாயின் மயிரிலும் அதன் தடம் நிற்கும். அந்த இடத்தில் இழை மெலிந்திருக்கும். பண்ணைக்காரரின் மனைவியார் தரம் பிரிப்பதில் அத்தாட்சிப் பத்திரம் பெற்றவர். அவர் ஒரு சிறு கற்றையை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, காதருகே வைத்து விரலாற் சுண்டிப் பார்ப்பார். நல்ல மயிர் நரம்புபோல ஒலிக்கும். மெலிந்த மயிர் நடுவில் அறுந்துவிடும். அறுந்தால், 'இது மார்ச் மாத வறட்சி' என்பார்.

இத்தகைய பிராணி இயற்கையில் தானாகத் தோன்றியதன்று. ஸ்பெயின் தேசத்து இடையர்கள் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்தது. நம் கலித்தொகையின் முல்லைப் பகுதியிலே எருமை மேய்ப்போரையும் பசு மேய்ப்போரையும் அடுத்து, ஆடு மேய்ப்போர் புல்லினத்தாயர் எனப்படுகின்றனர்; பெயரிலேயே ஒரு சிறுமை ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. ஸ்பெயினில் நிலை வேறு. 1273ஆம் ஆண்டில் அரசன் பத்தாம் அல்போன்சோ ஆட்டுமந்தை உடையோரின் சங்கத்துக்கு உரிமைப் பட்டயம் அளித்தான். கோடையில் வடக்கு மலைகளுக்கும் மாரியில் தெற்குச் சமவெளிகளுக்கும் மந்தைகள் செல்லும் பாதைகளை உழவர் மறிக்கக்கூடாதென்பது சட்டமாயிற்று. மெரினோவை நாட்டைவிட்டு வெளியேற்றுவது நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்தத் தடையை உடைத்தவர்கள் அரசர்களே: 1765இல் சக்சனி நாட்டுக்கும், 1786இல் பிரான்சின் இராம்புயே பண்ணைக்கும் மந்தைகள் சென்றன. பின்னர் அந்த இரத்தம் உலகெங்கும் பரந்தது. தமிழ்நாட்டின் நீலகிரியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெரினோக் கிடாய்களை உள்ளூர் ஆடுகளுடன் சேர்த்தார்கள். நீலகிரிச் செம்மறி என்று இன்று அறியப்படுவது அக்கலப்பின் வழிவந்தது. தமிழ் வழங்கும் நிலத்தில் கம்பளி விளைவித்த ஓர் ஆடு அது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று.

அவுஸ்திரேலியாவுக்கு மெரினோ வந்தது 1797இல், நன்னம்பிக்கை முனையிலிருந்து. ஜோன் மக்காதர் என்பவரே அந்நாட்டுக் கம்பளித் தொழிலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1966இல் வெளியிட்ட இரண்டு டொலர் நோட்டிலும் அவருடைய முகத்தையும் ஒரு மெரினோக் கிடாயையும் அச்சிட்டார்கள். ஆனால் ஆளுநருக்கெதிரான கலகத்திற் சம்பந்தப்பட்ட அவர் 1809 முதல் 1817 வரை இங்கிலாந்தில் இருந்தார். அந்த எட்டாண்டுகளும் பிள்ளைகளையும் மந்தையையும் கணக்கையும் பார்த்தவர் அவருடைய மனைவி எலிசபெத் அம்மையார். குடும்பப் பண்ணை என்ற சொல்லுக்கு அந்நாட்டில் ஒரு முதல் உதாரணம் வேண்டுமானால் அவரையே காட்டலாம். நோட்டில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

நான் தங்கியிருந்த பகுதிக்கு ஆடு வந்தது 1834இல், ஹென்டி குடும்பத்தார் போட்லண்ட் துறைமுகத்தில் இறங்கியபோது. அவர்கள் கண்ட புல்வெளி ஆளற்ற வெளியன்று. குண்டிச்மாரா என்னும் ஆதிக்குடிகள் எரிமலைக் கற்களால் அணைகளும் வாய்க்கால்களும் கட்டி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விலாங்கு மீன் வளர்த்துவந்த நிலம் அது. அந்த வாய்க்கால்கள் 2019இல் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டன. மந்தைகள் அந்நிலத்தை நிறைத்தபோது பல ஆண்டுகள் போர் நடந்தது. மேய்ச்சற்காரர்களின் துப்பாக்கிகள் வென்றன. பண்ணைக்காரர் இதனை மறைக்கவில்லை. வேலியோரத்திற் கிடந்த ஒரு கல் வரிசையைக் காட்டி, 'இது எங்கள் பாட்டன் அடுக்கியதன்று' என்று மட்டும் சொன்னார்.

இனி, பகையின் காரணத்துக்கு வருவோம். மயிர் என்பது புரதம். புல்லிலிருந்து பெறும் ஊட்டத்தில் ஒரு பெரும் பங்கைத் தோலுக்கு அனுப்பும் பிராணி, தசைக்கும் கொழுப்புக்கும் குறைவாகவே அனுப்பும். மெரினோ மெல்ல வளரும், ஒடுங்கிய உடல், இரட்டைக் குட்டிகளை வளர்த்தெடுப்பதிலும் கெட்டித்தனம் குறைவு. இங்கிலாந்தின் இறைச்சி ஆடுகள் இதற்கு நேர்மாறு: விரைவிற் கொழுக்கும், மயிரோ முரடு. ஒன்றைக் கூட்டப் போனால் மற்றது குறையும். முற்றாக ஒன்றையே நாடியவர்களும் தண்டனை பெற்றிருக்கிறார்கள். 1880களில், தோலிற் சுருக்கம் கூடினால் தோலின் பரப்புக் கூடும், பரப்புக் கூடினால் மயிர் கூடும் என்று எண்ணி, அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்திலிருந்து மடிப்புமடிப்பாகத் தோல் தொங்கும் கிடாய்களை அவுஸ்திரேலியர் பெரும் பணம் கொடுத்து வாங்கினார்கள். மயிரின் நிறை ஏறியது உண்மை; ஆனால் அதிற் பெரும்பகுதி மெழுகு. மடிப்புகளில் ஈரம் தேங்கிற்று. ஈ முட்டையிட்டது. புழுக்கள் உயிரோடு தசையைத் தின்றன. ஆசை மிகுந்து செய்த அந்தக் கலப்பின் மிச்சத்தைத் தோலிலிருந்து அகற்றப் பல தலைமுறைகள் வேண்டியிருந்தன.

இறைச்சி விலைபோகாத காலம் ஒன்றும் இருந்தது. அந்நாட்டில் உண்பவர் சிலர், ஆடுகள் பல. 1843இல் விலை வீழ்ந்தபோது, ஆட்டைக் கொன்று கொப்பரையிற் காய்ச்சிக் கொழுப்பை மட்டும் மெழுகுவர்த்திக்கும் சவர்க்காரத்துக்கும் விற்றார்கள். பனிக்கட்டி யந்திரம் பொருத்திய கப்பல்கள் வந்த பிறகே நிலை மாறியது. 1882இல் நியூசிலாந்திலிருந்து புறப்பட்ட 'டனிடின்' என்னும் கப்பல் ஏறத்தாழ ஐயாயிரம் ஆட்டுடல்களை உறைந்த நிலையில் இலண்டன் சேர்த்தது. அன்று முதல் நியூசிலாந்து இறைச்சியின் பக்கம் சாய்ந்தது. மெரினோவையும் இங்கிலாந்தின் லிங்கன் ஆட்டையும் கலந்து, இரண்டும் தரும் கொறிடேல் என்ற இனத்தை அங்கே உருவாக்கினார்கள். அவுஸ்திரேலியரோ பெரும்பாலும் மெரினோவை விடவில்லை. தங்கள் நாடு ஆட்டின் முதுகில் ஏறிச் சென்றது என்று அவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு.

அந்தப் பெருமை உச்சமடைந்தது 1951இல். கொரிய யுத்தத்தினால் இராணுவச் சீருடைக்குக் கம்பளி வேண்டப்பட்டது. ஓர் இறாத்தல் மயிருக்கு ஒரு பவுண் பணம் என்ற நிலை சிறிது காலம் நிலவிற்று. அதே யுத்தம் அதே வேளையில் நம் இறப்பருக்கும் விலையேற்றித் தந்ததை மூத்த வாசகர்கள் அறிவர். அக்காலத்திலேதான் இப்பண்ணையின் பெரிய வீடு எழுந்ததாம். பின்னர் நைலோனும் பொலியெஸ்ரரும் வந்தன. இன்று உலகம் நெய்யும் இழைகளிற் கம்பளியின் பங்கு நூற்றுக்கு ஒன்று அளவே.

வீழ்ச்சியைத் தடுக்க எண்ணி 1970களில் ஓர் அடிவிலைத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஏலத்தில் விலை குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் அரச கம்பளிக் கூட்டுத்தாபனமே வாங்கி வைத்துக்கொள்ளும். செலவுக்கு வளர்ப்போரிடமே வரி அறவிடும். பல ஆண்டுகள் அது நன்றாக நடந்தது. 1980களின் இறுதியில் அடிவிலையைக் கிலோ ஒன்றுக்கு 870 சதமாக உயர்த்தினார்கள். விலை உறுதி என்றால் யார்தான் ஆட்டைப் பெருக்கமாட்டார்? 1990இல் நாட்டின் ஆடுகள் ஏறத்தாழ 17 கோடி. அவ்வேளையில் சீனாவும் சோவியத் ஒன்றியமும் வாங்குவதைக் குறைத்தன. களஞ்சியங்களில் 47 இலட்சம் பொதிகள் தேங்கின. 1991 பெப்புரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் குவியலை விற்று முடிக்க 2001ஆம் ஆண்டாயிற்று.

எண்களாக எழுதும்போது இஃது எளிது. பண்ணைக்காரர் அப்போது முப்பதுகளில் இருந்தார். ஆட்டின் தொகையைக் குறைக்கும்படி அரசு சொல்லிற்று. கொல்லும் ஆட்டுக்கு மிகச் சொற்பமான தொகை கொடுத்தது. வாங்குவாரில்லை, தீனிக்குப் பணமில்லை, வண்டியில் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பினால் வண்டிக்கூலிக்கும் விலை போதாது. பின்புற மேய்ச்சல் நிலத்தில் யந்திரம் கொண்டு நீண்ட குழி தோண்டினார்கள். தம் தந்தை தெரிந்தெடுத்த தாய்வழிகள் எவை, தாம் சேர்த்தவை எவை என்று ஒவ்வொரு மறியையும் அறிந்த அவரே துப்பாக்கியைப் பிடித்தார். இரண்டு நாட்கள். 'கூலிக்கு ஆள் வைத்திருக்கலாம்; ஆனால் அவன் விரைவாகச் செய்துமுடிக்கப் பார்ப்பான். ஆடு வேதனைப்படும்' என்றார். அந்த இடத்தில் இப்பொழுது மரங்கள் வளர்ந்திருக்கின்றன. அங்கே அவர் என்னை அழைத்துச் செல்லவில்லை. தூரத்திலிருந்து கையைக் காட்டினார்.

மகள் அப்போது பிறக்கவில்லை. எனினும் அவளுடைய வாதம் முழுவதும் அந்தக் குழியிலிருந்தே புறப்படுகிறது. "அப்பா, மயிருக்குச் சந்தை விழுந்த வருடத்திலும் குட்டிக்கு ஒரு சந்தை இருந்திருந்தால் நீங்கள் அவற்றைச் சுட்டிருக்க மாட்டீர்கள்" என்று அவள் உணவு மேசையிற் சொன்னபோது நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். அவள் கேட்பது அநியாயமன்று. அந்நாட்டு ஆடுகளின் தொகை இன்று 1990இல் இருந்ததிற் பாதிக்கும் குறைவு. ஆட்டிறைச்சியோ பல நாடுகளுக்குச் செல்கிறது. கம்பளியின் பெரும்பகுதியை வாங்குவது சீனா ஒன்றே. ஒரே வாசலை நம்பி வீடு கட்டலாமா என்கிறாள்.

அவள் காட்டிய வழி தென்னாபிரிக்காவிற் பிறந்தது. அங்கே கிழக்குக் கேப் பிரதேசத்தில் டோனே என்னும் ஆராய்ச்சி நிலையத்தில், 1939 முதல் மெரினோ மறிகளை ஜேர்மனியின் இறைச்சி மெரினோக் கிடாய்களுடன் சேர்த்து, நிறுத்தும் அளந்தும் தெரிந்தெடுத்து, டோனே மெரினோ என்ற இனத்தை அமைத்தார்கள். மயிர் மெரினோவின் நுண்மைக்கு அண்மையது, குட்டி விரைவில் வளரும், தோல் சுருக்கமற்றது. 1990களின் இறுதியில் இது அவுஸ்திரேலியாவுக்கும் வந்தது. மயிரின் அளவு மட்டும் குறைவு. "எவ்வளவு குறைவு என்பதை நான் கணக்கிட்டுவிட்டேன், குட்டியில் அது திரும்பி வருகிறது" என்பது மகளின் சித்தாந்தம்.

தந்தையின் மறுமொழியை நான் மறக்கவில்லை: "உன் கணக்குச் சரி. ஆனால் இந்த மயிரை ஒருமுறை கெடுத்துவிட்டால், திரும்பப் பெறுவதற்கு என் ஆயுள் போதாது; உன் ஆயுளும் போதாமற் போகலாம்." இதுவும் அநியாயமன்று. மறி ஒன்று தன் வாரிசை மந்தையில் நிறுத்த மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். கிடாயின் குற்றம் குட்டியிலே தெரிந்து, அதனைக் களைந்து, மீண்டும் பழைய நிலைக்கு வருவதற்குள் ஒரு மனிதனின் உழைக்கும் காலம் முடிந்துவிடும்.

நான் இருந்த வாரத்திற் கத்தரிப்பு நடந்தது. காலை ஏழரைக்குத் தொடங்கி, இரண்டு இரண்டு மணித்தியாலங்களாக நான்கு தடவை. ஒருவர் நாளொன்றுக்கு நூற்றைம்பது ஆடுகளுக்குக் குறையாமற் கத்தரித்தார். ஆட்டை இருத்திவைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து தொடங்கி, மயிரை ஒரே போர்வையாகக் கழற்றி எடுக்கும் அந்த நுட்பம் நம் பனை தொழிலாளரின் கைவண்மைக்கு நிகரானது. மேசைமேல் விரித்தெறிந்த போர்வையின் அழுக்கான ஓரங்களைப் பண்ணைக்காரரின் மனைவியார் விரைவாகக் கழிப்பார். வயிற்று மயிர் வேறு, துண்டு துணுக்கு வேறு. மெரினோவின் மயிர் தானாக உதிராது. கத்தரிக்காவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். 2015இல் கன்பெரா நகருக்கு அருகே தனியே அலைந்து திரிந்த ஓர் ஆட்டிலிருந்து 41 கிலோ மயிர் எடுத்தார்கள். நடக்கமாட்டாத நிலையில் இருந்ததாம் அது. மனிதன் அமைத்த பிராணி மனிதனை விட்டு வாழ இயலாது.

இறைச்சியை எண்ணி வளர்ப்பதென்றால் வேறொரு தொல்லை. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். பாதிக் காலம் கழிந்ததும் கேளா ஒலி யந்திரத்தால் வயிற்றைப் பார்த்து, ஒற்றைக் குட்டி சுமப்பவை, இரட்டை சுமப்பவை என்று பிரித்து, இரட்டைக்காரிகளுக்கு நல்ல புல்லை ஒதுக்குகிறார்கள். ஆனாலும் ஜூலை மாதத்துக் குளிர்மழையில் இரட்டைகளே அதிகம் சாகின்றன. எஞ்சியவற்றிற் சிலவற்றை நரி கொண்டுபோகும். இரு குட்டிகளுக்குப் பாலூட்டிய தாயின் மயிர் அவ்வாண்டு குறைந்தும் மெலிந்தும் இருக்கும். பகை இங்கேயும் விடவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், மனம் கூசினாலும். வாலடியிற் சுருக்கமான தோலிருந்தால் ஈ மொய்க்கும் என்பதற்காக, குட்டியின் வாலைச் சுற்றியுள்ள தோலை வெட்டி அகற்றும் வழக்கம் 1930ஆம் ஆண்டளவிலிருந்து அவுஸ்திரேலியாவில் உண்டு. காயம் ஆறியபின் அங்கே மயிர் முளைக்காது. ஈயினால் வரும் சாவு இதைவிடக் கொடியது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் நியூசிலாந்து 2018இல் இதனைத் தடைசெய்தது. ஐரோப்பாவின் துணிக்காரர் பலரும் இப்படி வெட்டாத ஆட்டின் கம்பளியைக் கேட்கிறார்கள். சுருக்கமற்ற தோலுடைய கிடாய்களை நாடினால் கத்தி வேண்டியதில்லை. இப்பண்ணையில் வெட்டுவதை நிறுத்திச் சில ஆண்டுகளாகின்றன. இந்த ஒன்றில் மட்டும் தந்தையும் மகளும் ஒரே பக்கம். கத்தியை நிறுத்தியவர் தந்தை என்பதை மகளே எனக்குச் சொன்னாள். தராசு வைத்தால் நான் மகளின் பக்கமே சாய்வேன். ஆனால் அந்த வெண்ணெய் நிறத்தைக் கண்ட கண்களோடு அப்படிச் சாய்வது எளிதாக இல்லை.

நான் புறப்படுமுன் வழக்கு ஓரளவு தீர்ந்தது. வயது முதிர்ந்த மறிகளுக்கு இறைச்சி இனமான போல் டோசெற் கிடாய்களை விடுவது; அக்குட்டிகள் அனைத்தும் ஆணும் பெண்ணும் விலைக்கே போய்விடுவதால் மந்தையின் மயிர் கெடாது. இளம் மறிகளுக்குப் பழைய வழியில் மெரினோக் கிடாய்களே. ஆனால் வாங்கும்போது மயிரின் நுண்மையோடு தசையின் அளவையும் தோலின் சமத்தையும் பார்ப்பது. டோனே கிடாய் ஒன்றே ஒன்று, தெரிந்தெடுத்த ஐம்பது மறிகளோடு, தனி வேலிக்குள். அந்த ஐம்பது மறிகளையும் தெரிந்தெடுக்கும் பொறுப்பைத் தந்தை தாமே ஏற்றுக்கொண்டார். மட்டமானவற்றை ஒதுக்கித் தருவார் என்று மகள் ஐயுற்றாள் போலும். மறுநாட் காலை பட்டியைப் போய்ப் பார்த்தாள். தம் மந்தையின் முதல்தர மறிகளையே அவர் பிரித்து நிறுத்தியிருந்தார். அவற்றின் குட்டிகளுக்குத் தனி அடையாளம் இடுவதென்றும், அக்குட்டிகளின் முதல் மயிரைத் தனிப் பொதியிற் கட்டுவதென்றும் தாயார் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.